இரண்டாம் விதி

எங்கள் மாவட்டத்தின் பெயரில் ஒரு கப்பல் இருந்தது. கூடுவாஞ்சேரி இன்று செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம். கப்பலின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'.

2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே அந்த எண்ணெய்க் கப்பலும் 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் மோதிக்கொண்டன. ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மற்றது எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. முதலில் கசிவு எதுவும் இல்லை என்றார்கள். அடுத்த சில நாட்களில் கரை கறுத்தது.

மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு எங்களுக்கு அப்போது தணியவில்லை. வாட்ஸப்பில் செய்தி வந்ததும் மின்சார ரயில் ஏறி எண்ணூருக்குப் போய்விட்டேன். எண்ணெய் என்றதும் நான் கற்பனை செய்திருந்தது சமையல் எண்ணெய் மாதிரி மினுமினுப்பாக மிதக்கும் ஒன்றை. தூண்டில் வளைவுக் கற்களுக்கு இடையில் கிடந்ததோ தார்ப்பாகு. உறிஞ்சும் இயந்திரங்களுக்குள் தண்ணீர்தான் அதிகம் போனது. கடைசியில் பக்கெட்தான். கடலோரக் காவல் படையினர், மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றினோம்.

பக்கத்தில் நின்ற மீனவர் கேட்டார். "எந்த ஊரு தம்பி?"

"கூடுவாஞ்சேரிண்ணே."

"அங்க கடலே இல்லியே?"

"இல்லண்ணே."

"அப்புறம் நீ எதுக்கு வந்தே?"

அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைக் கப்பல் விதிகளைப் படிக்க வைத்தது.

கடல் சட்டங்களின் வரலாறு ஏறக்குறைய விபத்துகளின் வரலாறுதான். 1912இல் டைட்டானிக் மூழ்கியது. 1914இல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. 1967இல் டோரி கேன்யன் பிரிட்டன் கடலில் எண்ணெயைக் கொட்டியது. 1973இல் 'மார்போல்' மாசுத் தடுப்பு உடன்படிக்கை வந்தது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ். அதன் பிறகு எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயமானது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. டான் காஞ்சிபுரத்தில் 30,000 டன்னுக்கு மேல் பெட்ரோலியச் சரக்கு இருந்தது. அது கடலில் கொட்டவில்லை. கரைக்கு வந்தது, கப்பல் ஓடுவதற்காக வைத்திருந்த கனத்த எரியெண்ணெய். சரக்கும் கொட்டியிருந்தால் பக்கெட்டோடு நாங்கள் எதற்கு?

ஆனால் என்னை நிறுத்தியவை வேறு விதிகள். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் எந்தக் கப்பல் வழிவிட வேண்டும், எது தன் போக்கில் போகலாம் என்றெல்லாம் விரிவாக இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால் நிற்கும் இரண்டாம் விதி சொல்வதன் சாரம் இது: இந்த விதிகளைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது, கடலோடிகளின் சாதாரண வழக்கமும் அந்த நேரத்துச் சூழலும் கேட்கும் முன்னெச்சரிக்கையை விட்டுவிட்டால் அதற்கும் நீயே பொறுப்பு. பதினேழாம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதிரே வருபவர் வழிவிட வேண்டியவர்தான். ஆனால் அவர் விலகினால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்துவிட்டால், வழியுரிமை உள்ளவரும் விலகியாக வேண்டும். 'என் மேல தப்பில்ல' என்பது கடலில் முழுமையான பதில் இல்லை.

எரியெண்ணெய் மாசு இழப்பீட்டுக்கான 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இதையேதான் வேறு விதமாகச் சொல்கிறது. போர் போன்ற சில விலக்குகள் தவிர, கப்பல் உரிமையாளர் தவறு செய்தாரா என்று கேட்காமலேயே அவரைப் பொறுப்பாக்குகிறது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஆனால் அந்தப் பொறுப்புக்கும் உச்சவரம்பு உண்டு. அது கப்பலின் டன் அளவைப் பொறுத்தது, கரையில் நிற்பவரின் இழப்பைப் பொறுத்ததல்ல. காப்பீட்டுக்காரருக்குக் கணக்கு முடிய வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. மீனவருக்குக் கணக்கு அங்கே முடிவதில்லை என்பதும் புரிகிறது.

ஏனென்றால் அந்த இழப்பில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு. எண்ணூரிலிருந்து திரும்பிய அன்று அம்மா, "கொஞ்ச நாளைக்கு மீனு வேணாம்ப்பா" என்றார். ஊரில் பலர் அப்படித்தான் நிறுத்தினார்கள். எண்ணெய் படாத இடத்தில் பிடித்த மீனும் விலை போகவில்லை. அம்மா எந்த விதியையும் மீறவில்லை; பிள்ளைகள் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டார், அவ்வளவுதான். சாம்பார் கொதித்த அடுப்பில் எரிந்ததும் எங்கோ ஒரு கப்பலில் வந்திருக்கக்கூடிய வாயுதான். அதற்காகவும் அம்மாவைக் குற்றவாளி ஆக்க முடியாது. எல்லோரும் குற்றவாளி என்று சொல்வது, யாரும் குற்றவாளி இல்லை என்று சொல்வதற்கான சுலபமான வழி. கப்பலை ஓட்டியவர்களுக்கும் உடையவர்களுக்கும் உள்ள பொறுப்பை நான் பங்கு போட்டுக் குறைக்க வரவில்லை. அவர்கள் பங்கு முழுசாக அவர்களிடமே இருக்கட்டும். அதற்கு அப்பாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் விதி பேசுவது அந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாள்தான் போனேன். மறுநாள் தலைவலி, தோலில் எரிச்சல். மூன்றாம் நாள் தலைவலி இல்லை, அன்றும் போகவில்லை. போகச் சொல்லி எந்த விதியும் இல்லை. அந்த அண்ணன் மூன்றாம் நாளும் அங்கே நின்றிருப்பார். அது அவர் கரை. 'நீ எதுக்கு வந்தே' என்ற கேள்விக்கு இன்று ஓரளவு பதில் வைத்திருக்கிறேன். ஏன் திரும்ப வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் மேல் தப்பில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.