இலேசான நூலும் கனத்த மனமும்

ஆழ்ந்த நூல்களையே நாடிப் பழகிய நம் கைக்கு, என்றோ ஒருநாள் விளையாட்டுத்தனமான சரித்திரக் காதல் கதையொன்று வந்து சேர்கிறது. இதைப் படிப்பது நேரத்தை வீணாக்குவதாகாதா என மனம் தயங்குகிறது. இத்தயக்கத்தில் கடமையுணர்வு எவ்வளவு, செருக்கு எவ்வளவு?

ஜார்ஜெட் ஹேயர் என்னும் ஆங்கில எழுத்தாளரை எடுத்துக்கொள்வோம். 1902-இல் பிறந்து 1974-இல் மறைந்த இவர், நெப்போலியன் காலத்து இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு நகைச்சுவை ததும்பும் காதல் கதைகள் பல எழுதினார். நோயிலிருந்து தேறிவந்த தம்பியை மகிழ்விக்க அவர் புனைந்த கதையே, 1921-இல் 'தி பிளாக் மாத்' என்னும் முதல் நாவலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 19. பிற்காலக் கதைகளுக்காக அன்றைய உடை, வண்டி, பேச்சுவழக்கு ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் அரும்பாடுபட்டுத் திரட்டினார். இலேசாகப் படிக்க முடிவதெல்லாம் இலேசாக எழுதப்பட்டதன்று.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டையும் மகிழ்ச்சியையும் குறித்துத் தனியே ஆராய்கிறார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் உள்ளத்திற்கும் ஓய்வு தேவை. எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துபோகும் என்கிறார். தானும் மகிழாது, பிறர் மகிழ்வதற்கும் தடையாய் நிற்பவனிடம் குற்றம் உண்டென்றும் கூறுகிறார். எனவே, எளிய கதையைப் படித்து மகிழ்வோரை நாம் ஏளனமாய் நோக்குவது உயர்ந்த இரசனையாகாது, அன்புக் குறைவேயாகும்.

ஆயினும், தீங்கான சொல்லிலும் செயலிலும் இன்பம் தேடலாகாது என்னும் வரம்பையும் அவரே வகுக்கிறார். ஹேயரின் 'தி கிராண்ட் சோஃபி' (1950) வாசகரை வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் நாவல். ஆனால், அதில் வரும் யூத வட்டிக்காரர் இனவெறுப்பு தோன்ற இழிவாகச் சித்தரிக்கப்படுகிறார். இலட்சக்கணக்கான யூதர் கொல்லப்பட்டுச் சில ஆண்டுகளே கடந்த நிலையில் வெளிவந்த நூல் அது! அவ்விடத்தில் நம் சிரிப்பு நின்றுவிட வேண்டும். பொழுதுபோக்குத்தானே என்று மனச்சாட்சியை உறங்கவைத்தல் தகாது. அதற்காக நூல் முழுவதையும் வீசியெறிய வேண்டுமென்பதும் இல்லை.

இலேசான நூலும் நம்மிடம் முழு மனிதரையே கேட்கிறது: மகிழத் தெரிந்த உள்ளத்தையும், விழித்திருக்கும் மனச்சாட்சியையும். நம் வீட்டில் ஒருவர் அத்தகைய நூலை விரித்துத் தமக்குள் நகைத்துக்கொண்டிருந்தால், முகஞ்சுளிக்குமுன் அருகே அமர்ந்து நாமும் ஓர் அதிகாரம் படித்துப் பார்ப்போமே!