கோணல் கிண்ணம் யாருடையது?

அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர் குயவர். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதே அவருடைய தொண்டு. ஒருநாள் சிவயோகி ஒருவர் வந்து, தம் ஓட்டை அவரிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நீண்ட காலம் கழித்து அவர் திரும்பி வந்து கேட்கும்போது, வைத்த இடத்தில் ஓடு இல்லை. நாயனார் பதறிப்போய், வேறு நல்ல ஓடு தருகிறேன் என்கிறார். பொன்னாலேயே செய்து கொடுத்தாலும் வேண்டாம், நான் கொடுத்த அந்த மண் ஓடுதான் வேண்டும் என்கிறார் யோகி. வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

சேக்கிழார் இந்தக் கதையைச் சொன்னது வேறொன்றுக்காக. அந்தக் கணவன் மனைவி இடையே இருந்த சபதம் ஊரறிய வெளிப்பட வேண்டும் என்பதற்காக. ஆனால் என் மனத்தில் நின்றது அந்தப் பிடிவாதம்தான். விதவிதமாக ஓடு செய்யத் தெரிந்தவரிடமே போய், இதைவிட நல்லது வேண்டாம், அதுதான் வேண்டும் என்று கேட்கிறாரே, ஏன்?

பள்ளி விடுமுறை முகாம்களில் தொண்டூழியம் செய்யும் நமக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, வேறு வேடத்தில். தொடக்கநிலை 2, 3 பிள்ளைகள் இருபது பேர். ஆளுக்கு ஓர் உருண்டை களிமண். பெற்றோர் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஒரு கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "அக்கா, கோணலா போச்சு." நம் கை தானாக நீளும். "குடு, நான் சரி பண்ணித் தர்றேன்." இரண்டு நிமிடத்தில் கிண்ணம் அழகாகிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் யாருடையது?

வேலை என்னவோ எளியதுதான். துணி விரித்து, அதன்மேல் களிமண்ணைச் சப்பாத்திக் கட்டையால் அரை செண்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். கீழே விழுந்து கிடக்கும் இலை ஒன்றை, நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்து, மேலே ஒருமுறை அழுத்தி உருட்ட வேண்டும். இலையை உரித்தால் நரம்பெல்லாம் மண்ணில் இருக்கும். அந்தத் தகட்டை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து மெதுவாக அமுக்கினால் வடிவம் வந்துவிடும். கொய்யா இலை அருமையாகப் பதியும். துளசி ரொம்ப மென்மை, அவ்வளவாகப் பதியாது. தூங்குமூஞ்சி மரத்தின் பட்டையில் மண்ணை ஒற்றி எடுத்தால் முதலைத் தோல் மாதிரி வரும். (பூங்காவில் இலை பறிக்கச் சட்டம் அனுமதிக்காது. மண்ணோடு சேர்த்து அதையும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.)

இலை பொறுக்க அனுப்பினால் ஒன்று கவனிக்கலாம். பெரியவர்கள் ஓட்டையில்லாத இலையாகத் தேடுவோம். பிள்ளைகள் பலர் பூச்சி கடித்ததைத்தான் கொண்டு வருவார்கள். "புழு சாப்பிட்ட இடம் தெரியுது பாருங்க!" மண்ணும் அப்படித்தான், கடித்த ஓட்டையைக்கூட விடாமல் பதித்துக்கொள்ளும். கிண்ணத்தில் இலை போட்ட கோடு இருக்கிறது, பிள்ளையின் கட்டை விரல் அழுத்திய குழி இருக்கிறது. நாம் தண்ணீர் தொட்டு வழவழவென்று தேய்க்கும்போது முதலில் அழிவது இவை இரண்டும்தான்.

நம் நோக்கம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. பிள்ளை வருத்தப்படக் கூடாது, அம்மா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்போது நன்றாக இருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் ஒரு பிள்ளை செய்யும் எதில்தான் பெரியவர் கை படவில்லை? கணக்குக்குத் துணைப்பாடம், பேச்சுப் போட்டிக்கு அப்பா எழுதிக் கொடுத்த உரை, ஒப்படைப்புக்கு அம்மா வரைந்த படம். எட்டு வயதில் மீதியிருப்பது இந்த ஓர் உருண்டை மண். அதையும் வாங்கித் திருத்திக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குக் கேட்பது "உன் கை போதாது" என்பதுதான். நாம் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பகவத் கீதை 3-ஆம் அத்தியாயத்திலும் 18-ஆம் அத்தியாயத்திலும் இதையே பேசுகிறது. பிறருடைய கடமையை நேர்த்தியாகச் செய்வதைவிட, குறையோடு செய்தாலும் தன் கடமையே மேல் என்கிறது. இதைப் பிறப்பால் வரும் தொழில் என்று மட்டும் குறுக்கிப் படித்தவர்கள் உண்டு. அந்தப் படிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. குறையை மறைக்க அடுத்தவர் கையை இரவல் வாங்காதே என்பதுதான் எனக்குக் கேட்கிறது. இரவல் கொடுக்கிறவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

சரி, அப்போ பிள்ளை என்ன செய்தாலும் "சூப்பர்" என்று கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதானா? அதுவும் இல்லை. பொங்கலுக்கு முன் கேம்பல் லேனில் அடுக்கி வைத்திருக்கும் பானைகளைப் பாருங்கள். ஒழுகினால் பால் பொங்குமா? குயவர் வீட்டுப் பிள்ளை திட்டு வாங்கித்தான் தொழில் படித்திருக்கும். ஜாலான் பஹார் பக்கம் 1940-இல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளை இன்றும் இருக்கிறது. அந்த வட்டாரச் சூளைகளில் ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளைச் சுட்டார்கள். கோணல் கோப்பையில் பால் சிந்தினால் நஷ்டம். அங்கே அளவு முக்கியம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டலாம், தேர்ந்த கை எப்படியிருக்கும் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முகாமிலும் கண்டிப்பாகத் தலையிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அடிப்பாகம் மொத்தையாக இருந்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வாரம் காய்ந்தாலும் சில சமயம் போதாது. சூளையில் சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி, கிண்ணம் வெடிக்கும். வெடித்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கிண்ணமும் உடையும். அங்கே "இதைக் கொஞ்சம் மெல்லிசாக்கு, ஏன்னா..." என்று காரணத்தோடு சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தவரைப் பாதிக்கிற தவற்றைத் திருத்தச் சொல்கிறோம். நம் கண்ணுக்குப் பிடிக்காத கோணலை விட்டுவிடுகிறோம். திருத்தும்போதும் பிள்ளையின் மண்ணைத் தொட வேண்டாம். நம் கையில் தனியாக ஓர் உருண்டை வைத்துக்கொண்டு, அதில் செய்து காட்டினால் போதும். இது சொல்வதற்குத்தான் சுலபம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய தவம்!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பக்கம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் செங்கல் அறுத்தார்கள். அவர்கள் செய்த செங்கலுக்கு 1867-இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைப் பற்றிப் புத்தகங்களில் படிக்கலாம். எந்தக் கைகள் அந்த மண்ணைப் பிசைந்தன என்று கேட்டால் பதில் இல்லை. லிட்டில் இந்தியாவில் நடக்கும்போது இதை நினைத்தால் கொஞ்சம் உறுத்தும். செய்தவரையும் செய்த பொருளையும் பிரிப்பது எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது!

சூளையிலிருந்து வரும்போது கிண்ணங்கள் முன்பைவிடச் சிறுத்திருக்கும், நிறமும் மாறியிருக்கும். அடியில் எழுதிய பெயர் சிலவற்றில் தெரியாது. இருபதையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாருங்கள். யாரும் திருப்பிப் பார்த்துப் பெயர் தேட மாட்டார்கள். "புழு ஓட்டை இருக்கறது என்னோடது" என்று ஒரு கை நீளும்.