ஒரு மறுப்பின் விலை

ஸ்கொட்லாந்தின் வடமலைநாட்டில், டிங்வோல் நகருக்கு மேற்கே சுமார் ஐந்து மைல் தொலைவில் இருக்கிறது ஸ்ட்ராத்பெஃபர் என்னும் சிறு கிராமம். அதன் ஊற்று நீரில் கந்தகம் கலந்திருக்கிறது. அழுகிய முட்டையின் வாடை வீசும். அந்த நீரை அருந்தினால் நோய் தீரும் என நம்பி மக்கள் வந்தார்கள். 1819 இல் நீர் அருந்துவதற்கென ஒரு மண்டபமும் எழுந்தது.

இந்தக் கிராமத்துக்குச் சென்றிருந்தபோது என் மனதைப் பிடித்துக்கொண்டது ஊற்றல்ல, புகையிரதப் பாதையின் கதைதான். டிங்வோலிலிருந்து மேற்குக் கரைக்குப் பாதை போட முனைந்தவர்கள், அதனைக் கிராமத்தின் அருகாகவே கொண்டுசெல்ல எண்ணினர். வழியிலிருந்த நிலத்தின் உரிமையாளர், கூல் பண்ணையின் சேர் வில்லியம் மெக்கென்சி, மறுத்துவிட்டார். பாதை மலைமீது ஏறியது, ஐம்பது அடிக்கு ஓரடி என்ற கடும் சரிவில். 1870 இல் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது 'ஸ்ட்ராத்பெஃபர்' எனப் பெயரிட்ட நிலையம் கிராமத்திலிருந்து இரண்டு மைல் தள்ளியே நின்றது. மூட்டு வலியோடு வந்தவர்கள் எஞ்சிய தூரத்தை வண்டியில் குலுங்கியபடி கடந்தார்கள். 1885 இல்தான் கிராமத்துக்கெனக் கிளைப்பாதை வந்தது.

நிலம் அவருடையது, மறுக்கும் உரிமையும் அவருடையதே. தம் வீட்டருகே புகையும் இரைச்சலும் வேண்டாமென்று நினைப்பது குற்றமாகாது. நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆனால், அந்த மறுப்பின் விலையை அவர் செலுத்தவில்லை. முன்பின் அறியாத நோயாளிகளே செலுத்தினார்கள். உரிமை உண்டா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கிளைப்பாதையில் பயணிகள் சேவை 1946 இல் நின்றது. 1951 இல் பாதையே மூடப்பட்டது. நிலையக் கட்டடம் மட்டும் நிற்கிறது. கைல் நோக்கிச் செல்லும் புகையிரதமோ இன்றும் அந்த மலைமீதுதான் ஏறுகிறது. மறுத்தவர் மறைந்து நூறாண்டுக்கும் மேலாகிறது. அவருடைய 'முடியாது' இன்னும் ஓய்வு பெறவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரதான பாதையின் இரைச்சல் இல்லாத அக்கிராமத்தின் அமைதியை நான் மிகவும் இரசித்தேன். அந்த அமைதியில் அவருடைய மறுப்புக்கும் ஒரு பங்கிருக்கிறது. பிறர் பட்ட சிரமத்தின் கனியைச் சுவைப்பவனுக்கு அம்மனிதரைக் கண்டிக்கும் தகுதி உண்டா? முழுத் தகுதி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும், அந்த இரண்டு மைலை மறந்துவிடும் உரிமை நிச்சயமாக எனக்கு இல்லை.