உழக்கு நெய்யின் கணக்கு

(விருத்தாசலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மணிமுத்தாற்றைத் தாண்டிப் பழமலைநாதர் சந்நிதிக்குப் போகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுந்தரர் கதைதான். திருமுதுகுன்றம் என்ற இந்த விருத்தாசலத்து இறைவனிடம் பொன் கேட்டார். 12,000 பொன் கிடைத்தது. அதை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். நமக்கெல்லாம் மிகவும் பிடித்த கதை. பிடிக்காமல் இருக்குமா? ஒரே தவணையில் வந்துவிடுகிறதே!

அதே கோயிலில் இன்னொரு கதையும் இருக்கிறது. தல விருட்சம் வன்னி. விபசித்து முனிவர் திருப்பணி நடத்திய காலத்தில், வேலை முடிந்ததும் ஆட்களுக்கு வன்னி இலையைத்தான் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாகுமாம். கொடுக்கும்போது எல்லாருக்கும் இலைதான். மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் அவிழ்த்தால்தான் யாருக்கு எவ்வளவு என்று தெரியும். சுந்தரருக்குக் கொடுத்தது, இறைவன் தன் தோழனுக்குக் கொடுத்தது. அந்தத் தோழமை நமக்கு வாய்க்கிறவரை வன்னி இலைக் கணக்குதான் நம் கணக்கு.

பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிறோம். தாளில் குறையை எழுதி வேலில் கட்டிவிட்டு வருகிறோம். நல்ல வழக்கம்தான், மனத்தில் குமைந்துகொண்டிருப்பதைத் தெளிவாக எழுதிப் பார்த்தாலே பாதி பாரம் குறையும். ஆனால், 'என் பையன் பரீட்சையில் தேறவேண்டும்' என்று பிராது கட்டிவிட்டு வந்த வீட்டில், மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பையனை எழுப்புவது யார்? கொளஞ்சியப்பரா? அந்த ஒரு வேலையை அவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.

'நாங்கள் முயற்சி செய்யாமலா இருக்கிறோம்?' என்று கேட்பீர்கள். செய்கிறோம். மார்கழி பிறந்தால் நாலு மணிக்குக் கோலம், குளியல், திருப்பாவை, திருவெம்பாவை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நமக்குத் தூக்கம் பிறக்கிறது. பக்தி போய்விட்டதா? இல்லை. முப்பது நாள் நம்மை எழுப்பியது ஊரும் ஒலிபெருக்கியும் பக்கத்து வீட்டுக் கோலமும். அந்த ஏற்பாடு கலைந்தது, நாமும் கலைந்தோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, புரிந்துகொள்ளத்தான் இருக்கிறது. மனம் என்றைக்கும் ஒரே சூட்டில் இருக்காது. அதை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தால், அது ஆறிய நாளில் காரியமும் ஆறிப்போகும்.

நம் முன்னோர் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். இந்தக் கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவி, 10ஆம் நூற்றாண்டு. இளமையிலேயே கணவரை இழந்து, மிச்ச வாழ்நாளெல்லாம் செங்கல் கோயில்களைக் கல்லாக மாற்றிக்கொண்டே போனவர். அந்தக் காலத்துச் சோழநாட்டுக் கோயில்களின் சுவர்களைப் பாருங்கள். பெரும்பாலான கல்வெட்டுகளில் தத்துவம் இருக்காது, கணக்குதான் இருக்கும். எந்த நிலம், எத்தனை கலம் நெல், எத்தனை ஆடு.

ஆடு எதற்கு? நந்தா விளக்குக்கு. சந்நிதியில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரியவேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். அவர் செய்வதென்ன? தானே தினமும் நெய் கொண்டுவருகிறேன் என்று சபதம் செய்வதில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுக்கிறார். சில இடங்களில் 90. கோயில் அவற்றை இடையரிடம் ஒப்படைக்கும். அவர் மேய்த்துக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்துவிடவேண்டும். உழக்கு என்பது நாழியில் நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கிழடு கழியும், குட்டி வளரும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால்தான் கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டினார்கள். ஆடு சாகும், கிழடாகும். மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

எவ்வளவு நுட்பம் பாருங்கள். கொடுத்தவருக்கு நாளைக்குக் காய்ச்சல் வரலாம், ஊரை விட்டுப் போகலாம், மனம் மாறலாம், கண்ணை மூடலாம். விளக்குக்கு அதெல்லாம் தெரியவே வேண்டாம். ஒருநாள் பொங்கிய பக்தியை எடுத்து, பொங்காத நாளிலும் நெய் சுரக்கும்படி ஓர் ஏற்பாடாக மாற்றிவிட்டார். இதை நான் பக்தியில் ஒரு படி மேல் என்றே சொல்வேன். உருகி அழுவது எளிது. 96 ஆட்டுக்கு மேய்ச்சல் ஏற்பாடு செய்வது கடினம்.

உங்கள் வீட்டில் அந்த மந்தை எது என்று யோசியுங்கள். தினமும் திருமுறையில் ஒரு பதிகம் ஓதவேண்டுமா? புத்தகத்தைப் பரணில் வைத்துவிட்டு வைராக்கியத்தைத் தேடாதீர்கள். விளக்குத் திரிக்குப் பக்கத்தில் வையுங்கள். சாயங்காலம் எப்படியும் விளக்கேற்றுவீர்கள்; கை தானாக அங்கே போகும். ஏற்கெனவே விடாமல் நடக்கிற ஒரு காரியத்தின் முந்தானையில் புதிய காரியத்தை முடிந்துவிடுங்கள். அதிகாலை எழவேண்டுமா? சண்டை காலையில் இல்லை, முதல்நாள் இரவு பத்து மணிக்கு, கைப்பேசியோடு. அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து படுத்தவர் பாதி எழுந்துவிட்டார். அளவும் உழக்காகவே இருக்கட்டும். குடம் குடமாக நெய் ஊற்றுகிறேன் என்று யாரும் கல்லில் வெட்டவில்லை.

இதே ஏற்பாட்டைப் பார்க்க நெய்வேலி தாண்டி வடலூருக்குப் போங்கள். வள்ளல் பெருமான் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அருட்பெருஞ்ஜோதியைப் பாடியவர், 'பசித்தவருக்கு இரங்குங்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அடுப்பு வைத்தார். 1874இல் அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். மறுநாளும் சாலையில் சோறு வெந்தது. அவர் 'நித்திய கரும விதி' என்றே ஒன்று எழுதிவைத்திருக்கிறார். சூரியன் எழுவதற்கு முன் எழுவதிலிருந்து, எந்தக் குச்சியால் பல் துலக்குவது, கரிசலாங்கண்ணித் தூளை எப்படித் தேய்ப்பது என்பது வரை சொல்கிறார். மரணமிலாப் பெருவாழ்வு பேசியவர் பல் துலக்குவதைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அந்தப் பக்கத்தில்தான் நின்றுவிடுவேன்.

இந்த ஊரில் பீங்கான் வேலை தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நிதானத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொம்மையானாலும் விளக்கானாலும் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறீர்கள். அச்சு தண்ணீரை மெல்ல உறிஞ்ச உறிஞ்ச, அதன் உள்சுவரை ஒட்டி மண் ஓர் ஏடாகப் படிகிறது. தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வடிக்கிறீர்கள். அவசரப்பட்டால் அந்தக் கனம் வராது. அப்புறம் உலர்த்தல். ஈரம் போகாத பொருளைச் சூளையில் வைத்துச் சட்டென்று சூட்டை ஏற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் பொருளைப் பிளந்துகொண்டு போகும். சூளை ஆயிரம் டிகிரிக்கு மேல் போகத்தான் போகிறது. ஆனால் முதல் நூறு டிகிரியை நிதானமாகத் தாண்டவேண்டும். புதிதாகத் தீட்சை வாங்கிய மறுநாளே உப்பை விட்டு, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இறங்கி, மூன்று மணிக்கு எழுந்து, நாற்பதாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு விரிசல் விட்ட பொருள்தான் நினைவுக்கு வருகிறது. மண்ணில் குறையில்லை. சூடு முந்திவிட்டது. இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும்: தொடர்ந்து ஊற்றினால் அச்சே ஊறிப்போய் உறிஞ்சாது, அதையும் காயவைக்கவேண்டும். ஓய்வும் அட்டவணையில் இருக்கவேண்டியதுதான்.

'சரி, ஒருநாள் விட்டுப்போனால்?' இந்தக் கேள்வியை யாராவது கேட்காமல் விட்டதே இல்லை.

அறுபத்துமூவரில் சாக்கிய நாயனார் கதையைச் சேக்கிழார் சொல்கிறார். பௌத்தத் துறவி வேடத்திலேயே இருந்தவர். காஞ்சியில் சிவலிங்கத்தைக் கண்டு உள்ளம் பொங்கி, கையில் கிடைத்த கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் யோசித்தார்: நேற்று எறிந்தது அன்புதானே, அன்றி வேறென்ன? அன்று முதல் அதுவே அவர் வழிபாடு. ஒரு கல். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. பார்த்தீர்களா, சாப்பாட்டோடு முடிந்துவைத்துவிட்டார்! ஒருநாள் மறந்தே போனார். உண்ண உட்கார்ந்தபோது நினைவு வந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து ஓடினார், கல்லை எடுத்தார், எறிந்தார். அங்கே இறைவன் உமையோடு காட்சி கொடுத்தார்.

தவறாமல் எறிந்த நாட்களில் வராத இறைவன், மறந்து ஓடிவந்த நாளில் வந்தார். ஏன் என்று நான் உரை எழுதப்போவதில்லை. ஆனால் அந்த மனிதரைக் கவனியுங்கள். 'இவ்வளவு நாள் காத்த விரதம் போயிற்றே' என்று சோற்றின் முன் உட்கார்ந்து அழவில்லை. 'நாளைக்கு இரண்டு கல்லாக எறிந்துவிடலாம்' என்று தள்ளிப்போடவும் இல்லை. 'அடுத்த சிவராத்திரியிலிருந்து சரியாகத் தொடங்குகிறேன்' என்று சொல்லவும் இல்லை. இவை மூன்றும் நமக்கு அத்துப்படி. அவருக்குத் தெரிந்தது எழுந்து ஓடுவது ஒன்றுதான். அதுவும் ஒரே ஒரு கல்லோடு.

நாளைக்குப் பூசலார் நாயனார். கல்லும் இல்லை, காசும் இல்லை, மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர். ஆறரைக்குத் தொடங்கிவிடுவேன். இன்றைக்கு ஏழு மணிக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.