குடியிருக்கும் வீடும் கொடுத்து வைத்த பணமும்



அல்லாஹு தஆலா தன் அடியார்களுக்கு அருளிய நிஃமத்துகளைத் திருமறை எண்ணிக் காட்டும் இடம் ஒன்றில், வீட்டை அமைதி பெறும் தலமாக ஆக்கித் தந்திருப்பதையும் சொல்லிக் காட்டுகிறது (16:80). அந்த அமைதியைத் தேடும் விஷயத்தில்தான் இன்று நம் மக்கள் அமைதியை இழந்து நிற்கிறார்கள்.

வானகரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு வாலிபர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். மாத வாடகை 11,000 ரூபாய். வீட்டுக்காரர் வயது முதிர்ந்த ஒரு விதவைத் தாய். மகளின் கல்யாணச் செலவுக்காக அந்த அம்மா, "வாடகை வேண்டாம் தம்பி, 7 லட்சம் கொடுத்து மூன்று வருடம் லீஸுக்கு இருந்துகொள், போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்" என்கிறாராம். இன்னொரு பக்கம் உறவினர்கள், "வங்கியில் 30 லட்சம் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கிப் போடு, வாடகைப் பணம் வீண்தானே?" என்று நெருக்குகிறார்களாம்.

"ஹஜ்ரத், வங்கிக் கடன் வட்டி என்று தெரியும். அதனால் லீஸுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். அதில் வட்டி இல்லையே?" என்றார். பதிலை எதிர்பார்த்து அல்ல, ஆமோதிப்பை எதிர்பார்த்தே கேட்டார்.

முதலில் வாடகை வீண் என்ற பேச்சைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது சொந்த வீட்டில் இறங்கவில்லை. ஹஜ்ரத் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களுடைய வீட்டின் கீழ்த்தளத்தில் பல மாதங்கள் தங்கியிருந்தார்கள். மேல்தளத்தில் ஒரு நாள் தண்ணீர்க் குடம் உடைந்துவிட, கீழே நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஒரு சொட்டும் விழுந்துவிடக் கூடாதே என்று அபூ அய்யூப் தம்பதியர் தங்களிடமிருந்த ஒரே போர்வையைப் போட்டுத் துடைத்தார்கள் என்று வரலாற்றில் வருகிறது. (அடுக்குமாடிகளில் மேல்தளத்தில் குடியிருந்துகொண்டு நள்ளிரவில் அம்மி அரைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!) பிறகு பள்ளிவாசலுக்காக இடம் தேடியபோது, ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களின் நிலம் தெரிவு செய்யப்பட்டது. அதை இலவசமாகத் தர அவர்கள் முன்வந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். அதை ஒட்டித்தான் அவர்கள் வாழ்ந்த அறைகளும் எழுந்தன. பிறர் வீட்டில் இருப்பதில் இழிவில்லை. சொந்தமாக்கிக் கொள்வதானால் அதற்குரிய ஹக்கைக் கொடுத்தே ஆகவேண்டும். நமக்கு இவ்விரண்டும் அதிலே கிடைக்கின்றன.

வங்கிக் கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 30 லட்சத்தை எட்டரை விழுக்காட்டில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 26,000 ரூபாய். முடியும்போது கட்டியிருப்பது 62 லட்சத்துக்கு மேல். வாடகை வீண் என்று சொன்னவர்கள் இந்த 32 லட்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? வீடு அடிப்படைத் தேவை என்பதை ஒப்புக்கொண்ட நிலையிலேயே, 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வட்டிக் கடனில் வீடு வாங்குவது ஹராம் என்று தீர்மானித்தது. 1999இல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், வேறு வழியற்ற அந்நாட்டு முஸ்லிம்களுக்கு, தாம் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டும் என்று சில நிபந்தனைகளோடு சலுகை காட்டியதை நாமும் அறிவோம். ஆனால் தெருவுக்குத் தெரு 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வானகரத்துக்கு அந்த நிர்ப்பந்தத்தை இழுத்து வருவது சரியல்ல என்பதே நம் கருத்து. வட்டியில்லா வங்கி முறையைக் கொண்டுவரும் யோசனையையும் ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டுவிட்டது. ஏற்கெனவே கடனில் விழுந்துவிட்டவர்களை நாம் ஏசப் போவதில்லை. மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாதென்று வங்கிகளுக்கு 2012இலேயே உத்தரவு வந்திருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் போட்டு விரைவாக வெளியேறப் பாருங்கள்.

இனி லீஸ். நம் பாட்டனார் காலத்தில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொன்னதைத்தான் இன்று இப்படி அழைக்கிறோம். பெயர் மாறியதால் ஹுக்மு மாறாது. அந்த 7 லட்சம் என்ன? விலையா? வீடு விற்கப்படவில்லை. வாடகையா? வாடகை திரும்பி வராது. திரும்பி வரவேண்டிய பணம் என்றால் அதற்கு ஷரீஅத்தில் கடன் என்றுதான் பெயர். கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காரணமாக வைத்து, நிபந்தனையோடு ஒரு பலனை அடைந்தால் அது வட்டியே. இதில் நான்கு மத்ஹபுடைய இமாம்களிடையேயும் வேறுபாடு இல்லை. ரூபாயாக வந்தால்தான் வட்டி, அறையும் சமையற்கட்டுமாக வந்தால் வட்டியல்ல என்று எவரும் சொல்லவில்லை.

அந்த வாலிபர் முன்னிலையிலேயே கணக்குப் போட்டோம். மாதம் 11,000 வீதம் மூன்று வருட வாடகை 3,96,000 ரூபாய். 7 லட்சம் கடன் கொடுத்து அந்த விதவைத் தாயிடமிருந்து இவர் பெறும் ஆதாயம் அது. வருடத்துக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 19 ரூபாய்! வங்கி கேட்பது எட்டரை. வட்டி கொடுப்பதற்கு அஞ்சி ஓடிய தம்பி, வட்டி வாங்கும் இடத்தில் போய் உட்காரவிருந்தார். அதுவும் வங்கியைவிட இரு மடங்குக்கும் மேல். அவர் முகம் மாறிப் போயிற்று.

புகாரா, ஸமர்கந்து பகுதிகளின் பிற்கால ஹனஃபி உலமாக்களில் சிலர் 'பைஉல் வஃபா' என்றும், ஹழ்ரமவ்த்தின் ஷாஃபிஈ உலமாக்கள் 'பைஉல் உஹ்தா' என்றும் இடம் கொடுத்த ஒரு முறையைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அங்கே சொத்து விற்கப்படுகிறது. பணத்தைத் திருப்பினால் மீட்டுத் தருவதாக வாக்களிக்கப்படுகிறது. நம் ஊர் லீஸில் விற்பனையே கிடையாது. போக, அந்த முறையும் கூடாதென்று 1992இல் அதே அகாடமி தீர்மானித்துவிட்டது. வாடகையைப் பெயருக்கு 500 ரூபாய் என்று எழுதிக்கொள்வதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான்.

துன்யாவின் கணக்கிலும் இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. செலவுக்குப் பயந்து 11 மாதம் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் அதே வீட்டை முன்னமே அடமானம் வைத்திருந்து வங்கி ஏலத்துக்கு வந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு லட்சங்களை மீட்பது எளிதல்ல. அடுத்த குடித்தனக்காரர் பணம் தந்தால்தான் முந்தியவருக்குத் திருப்ப முடியும் என்ற நிலையில்தான் பெரும்பாலான வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

"அப்படியானால் அந்த அம்மாவை நான் கைவிட்டுவிடவா?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. கைவிட வேண்டியதில்லை. வாடகையை முன்கூட்டியே கொடுப்பது ஜாயிஸ். முன்கூட்டித் தருவதால் இரு தரப்பும் திருப்தியோடு அதைக் குறைத்துப் பேசிக்கொள்வதும் ஜாயிஸ். மாதம் 10,000 என்று பேசி, மூன்று வருடத்துக்கு 3,60,000 ரூபாயை வாடகையாகவே கொடுத்துவிடலாம். அது அந்த அம்மாவின் பணம். திருப்ப வேண்டிய கடன் அவர் தலையில் இல்லை. இடையில் காலி செய்தால் மீதி மாதங்களுக்குரியதை மட்டும் திருப்ப வேண்டும். எழுத்தில் எழுதி, பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

"மூன்று வருடம் கழித்து அந்தப் பணம் கைக்கு வராதே, ஹஜ்ரத்?"

"வராது தம்பி. அந்த வீட்டில் நீங்கள் இருந்திருப்பீர்கள்" என்றோம். கையில் மீதி 3,40,000 இருக்கிறது. விற்பவரிடமே மொத்த விலையை ஒன்றாக முடிவு செய்து, தவணை தவறினாலும் தொகை கூடாது என்ற ஒப்பந்தத்தில் ஒரு சிறு மனை வாங்க அது தொடக்கமாகட்டும். ஆனால் அவசரம் வேண்டாம். வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாம் பாருங்கள். பத்திரச் செலவே நூற்றுக்கு 9 ரூபாய் ஆகும். முக்கியமாக, கூவம் ஓடும் பகுதி இது. 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டு, மே மாத வெயிலில் மனையைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே வைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தண்ணீர் நிற்கும் மனையைச் சொல்லாமல் விற்பவரும் அந்தக் கண்டனத்துக்கு உள்ளானவரே.

அடுத்த ஜும்ஆவில் அவர் மீண்டும் வந்தார். முன்வாடகைக்கு அந்த அம்மா சம்மதித்துவிட்டாராம். இம்முறை கொண்டுவந்தது அவர் மனைவி கேட்டனுப்பிய கேள்வி. கல்யாணமான புதிதில் அம்பத்தூரில் இரண்டு வருடம் 5 லட்சத்துக்கு லீஸில் இருந்தார்களாம். வட்டி என்று அறியாமல் இருந்ததற்குத் தவ்பா செய்துவிட்டோம். அந்தப் பணத்துக்கு ஜகாத் உண்டா என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தார். உண்டு. திரும்பி வரும் என்று உறுதியான கடனுக்கு உரியவர் மீதே ஜகாத் கடமை. கைக்கு வந்தபின் கடந்த வருடங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். முதல் வருடத்துக்கு 12,500 ரூபாய், இரண்டாம் வருடத்துக்கு அதைக் கழித்த மீதிக்குக் கணக்கிட்டு 12,187 ரூபாய் 50 காசு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினோம்.