கழற்றி வைத்த கருவி

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் தகரக் கூரையின்கீழ்ப் பட்டறை நடத்திவரும் முதிய மேஸ்திரி ஒருவரை நெடுநாளாக அறிவேன். எந்த வண்டி வந்தாலும் முதலில் செவியால் கேட்டு, அதன் பின்னரே கையை வைப்பவர். சென்ற திங்கள் அவரிடம் நான் கொண்டு சென்றது வண்டியன்று, ஒரு வினா.

இங்கிலாந்தில் வாழும் என் தமக்கையின் மகன் எழுதியிருந்தான். அவனிடம் டிரையம்ஃப் டி.ஆர்.6 என்னும் பழைய பந்தயச் சாயல் கார் ஒன்று உள்ளது. "மாமா, இதன் இன்ஜெக்ஷன் கருவியைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் பொருத்திக்கொள் என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். வண்டி என்னுடையதுதான். ஆயினும் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது" என்பது கடிதத்தின் சாரம். தன் பணத்தில் வாங்கிய பொருளின் ஓர் உறுப்பை மாற்ற ஒருவன் ஏன் கூச வேண்டும்? அந்த உறுத்தலுக்குப் பொருள் உண்டா, அல்லது அது வெறும் பழமைப் பித்தா?

இரு கருவிகளின் இயல்பையும் முதலில் அறிந்துகொள்வோம். கார்புரேட்டரில் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைகிறது. விரைவு கூடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நாடிப் பெட்ரோல் நுண்துளை வழியே தானாகவே மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. வற்புறுத்தல் ஏதுமில்லை. இன்ஜெக்ஷனோ அளந்து, அழுத்திப் பீய்ச்சுவது. டிரையம்ஃபில் இருந்த லூகாஸ் கருவி முற்றிலும் இயந்திர முறையில் அமைந்தது. மின்விசைப் பம்பு ஒன்று சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ நூறு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்ப, எந்திரத்தோடு சுழலும் அளவைக் கருவி ஆறு உருளைகளுக்கும் பங்கிட்டுத் தரும். 1967இல் டி.ஆர்.5 காரில் இதைப் பொருத்தி, இரண்டரை லிட்டர் எந்திரத்திலிருந்து 150 குதிரைத்திறன் கிடைப்பதாக அறிவித்தார்கள். 1969இல் வந்த டி.ஆர்.6 அதன் வழித்தோன்றல்.

அந்தக் கருவிக்குக் கெட்ட பெயரும் உடன் வந்தது. கோடை நாளில் பம்பு சூடேறும், பெட்ரோல் ஆவியாகும், அழுத்தம் விழும், வண்டி நடுவழியில் நிற்கும். கண்ணாடி துடைக்கும் மோட்டாரின் வழிவந்த மோட்டாரையே பம்புக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் சிலரே. ஆதலால் பலர் இன்ஜெக்ஷனைக் களைந்து, எஸ்.யு., ஸ்ட்ராம்பெர்க், வெபர் எனக் கிடைத்த கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டார்கள்.

மேஸ்திரி கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாய், திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியாத பொருள் நம்முடையது ஆகாது. நாம்தான் அதற்கு அடிமை. மாற்றச் சொல்லுங்கள்" என்றார். அவர் இளமையில் தொழில் கற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டில். டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அப்பெயரில் செய்தது. ஆக, மருமகனின் காரும் மேஸ்திரியின் குருவும் ஒரே குலம்.

அவர் சொன்னதில் வலிமை இருக்கிறது. மறுக்க எனக்கு அவசரமில்லை. ஆனால் அதே ஸ்டாண்டர்டு கம்பெனியின் பிற்கதை என்னைத் தயங்க வைக்கிறது. 1985இல் அவர்கள் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டார்கள். உடல் ரோவர் எஸ்.டி.1 உடையது. இங்கிலாந்தில் அவ்வுடலுக்குள் எட்டு உருளை எந்திரம் முழங்கியது. இங்கோ, பழைய வேன்கார்டு வழிவந்த நான்கு உருளை எந்திரத்தை வைத்தார்கள். கையில் இருந்தது அது, பழகியது அது, பட்டறைக்காரன் அறிந்தது அது. எல்லாம் நியாயமான காரணங்களே. ஆயினும் அந்த எந்திரம் அந்த உடலுக்கு ஈடுகொடுக்கவில்லை. விலையோ மிகுதி. 1988இல் உற்பத்தி நின்றது. பழகியது என்பதனாலேயே ஒன்று பொருந்தியது ஆகிவிடாது.

புதியதே தூயது என்னும் வாதத்தையும் ஈண்டு எடைபோட வேண்டும். டி.ஆர்.5 வெளிவந்த அதே காலத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளுக்கு டி.ஆர்.250 என்று பெயரிட்டு, இன்ஜெக்ஷனை நீக்கி இரட்டைக் கார்புரேட்டர் வைத்தே அனுப்பினார்கள். அந்நாட்டின் புகைக் கட்டுப்பாட்டுக்கு அந்நாளைய இன்ஜெக்ஷன் ஈடுகொடுக்காது என்பது ஒரு காரணம். அங்கே கார்புரேட்டரே தூய்மையின் பக்கம் நின்றது! ஆகவே மருமகன் செய்ய நினைப்பதைப் பிறர் மூச்சுக்கு இழைக்கும் தீங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இன்று பாரிவாக்கத்துப் பட்டறைக்கு வரும் இளைஞர் கதை வேறு. புதிய மோட்டார் சைக்கிளில் உள்ள மின்னணு இன்ஜெக்ஷனைப் பிடுங்கிக் கார்புரேட்டர் வைத்துத் தரும்படி கேட்கிறார்களாம், பழைய 'டுப் டுப்' ஓசை வேண்டுமென்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி செய்த வண்டி, புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை நொடிதோறும் அளந்து பெட்ரோலைத் திருத்திக்கொள்கிறது. புகைக்குழலின் நச்சு நீக்கி அந்தத் திருத்தத்தை நம்பியே வேலை செய்கிறது. அதைப் பிடுங்குவது ஓசைக்காகத் தெருவின் காற்றை விற்பது. மேஸ்திரி மறுத்து அனுப்பிவிடுகிறாராம். "திறக்க முடியாதது நம்முடையது ஆகாது" என்ற அவர் கொள்கை இங்கே ஏன் தளர்ந்தது என்று கேட்டேன். "வண்டி அவனுடையது, புகை என் பேரனுடையது" என்றார்.

இனி உறுத்தலுக்கு வருவோம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பிறந்தவர்களுக்கு மரக்கலத்தின் கதை புதிதன்று. பலகை உளுத்தால் பலகையை மாற்றுவார்கள். பாய்மரம் முறிந்தால் வேறு நடுவார்கள். தலைமுறை கடந்தும் அது பாட்டனாரின் தோணியே. பின்னர் தூத்துக்குடித் தோணிகளில் டீசல் எந்திரமும் ஏறியது. காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாத தோணி! அதைத் தவறென்று யாரும் சொன்னதில்லை, தோணி உழைக்கப் பிறந்ததாகையால்.

டி.ஆர்.6 உழைக்கப் பிறந்ததன்று. சந்தைக்குப் போய்வர அவனுக்கு வேறு வண்டி இருக்கிறது. அதை அவன் வைத்திருப்பதே, ஒரு காலத்தில் மனிதர் இப்படி ஒரு கருவியை எண்ணிச் செய்தார்கள் என்பதற்காக. செய்தவர் கை அதில் இருக்கிறது. நாளை வாங்குபவரின் ஆவலும் இருக்கிறது. இடையில் நிற்பவன் உரிமையாளன்தான், ஆயினும் ஓரளவு அமானிதம் காப்பவனும் ஆவான். உறுத்தல் இங்கிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். அது பித்தன்று.

அதற்காக, நிற்கும் வண்டியைத் துணி போர்த்தித் தொழச் சொல்லவில்லை. குற்றம் எங்கிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அவன் எழுதியதை மேஸ்திரிக்கு மறுபடி படித்துக் காட்டியபோது, அவரே விரலை உயர்த்தினார்: "நிற்க வைப்பது பம்புதானே? அளவைக் கருவி என்ன பாவம் செய்தது?" அந்நாட்டில் பலர் பாஷ் நிறுவனத்தின் பம்பை வைத்து, மற்றவற்றை அப்படியே ஓட்டிவருகிறார்கள். ஒரு வேலையாளின் பிழைக்காகக் குடும்பத்தையே ஊரைவிட்டுத் துரத்துவதுபோல, நாம் எத்தனை கருவிகளைத் துரத்தியிருக்கிறோம்!

மருமகனுக்கு இவ்வாறு எழுதினேன்: முதலில் பம்பை மாற்று. பிறகும் நின்றால் கார்புரேட்டர் பொருத்து. ஆனால் எதையும் அறுக்காதே, துளைக்காதே. கழற்றியவற்றைப் பெயரெழுதிப் பெட்டியில் வை. விற்கும் நாளில், கேளாமலே, வாங்குபவரிடம் சொல்லிப் பெட்டியையும் கையில் கொடு.

விடை வந்தது. பம்பை மட்டும் மாற்றியிருக்கிறான். கோடையில் ஒரு முறையும் நிற்கவில்லையாம். பழைய பம்பைத் துணியில் சுற்றிப் பின்பெட்டியிலேயே வைத்திருக்கிறானாம். மேஸ்திரியிடம் சொன்னேன். "எடை கூடுமே பாய்" என்றார்.