புளியங்கொட்டையும் அறமும்

அறத்துக்குக் கூலி பேசலாமா? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஆறு வயதுப் பேரன் விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைத்தாலோ, சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டாலோ, சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பினாலோ மருமகள் அதில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். பாட்டில் நிறைந்தால் குற்றாலம் போகலாம். "பிள்ளையை வியாபாரியாக வளர்க்கிறீர்களே சார்" என்று கோயிலில் பழகிய நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார்.

தமிழாசிரியராக இருந்த என்னால் அந்த வருத்தத்தை ஒதுக்க முடியவில்லை. புறநானூற்றின் 134ஆம் பாடலில் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் போற்றுவது இதற்காகத்தான்: மறுமையில் பலன் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அவன் கொடுக்கவில்லை; சான்றோர் சென்ற வழி என்பதால் கொடுத்தான். மேலுலகம் இல்லை என்றாலும் ஈவதே நன்று என்பது வள்ளுவர் முடிவு. பாஸ்ராவில் வாழ்ந்த சூஃபி ஞானி ராபியாவும் சொர்க்க ஆசை, நரக பயம் இரண்டையும் விலக்கி, இறைவனுக்காகவே இறைவனை நேசிக்கச் சொன்னதாக மரபு.

நண்பர் பக்கம் அறிவியலும் ஓரளவு நிற்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத வேளையில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. தானாக ஊறும் ஆசைக்கு விலை வைத்தால் ஊற்று வற்றுகிறது.

இருந்தும் பாட்டிலை நான் எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கு இன்னோர் ஆய்வு காரணம். செலெஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்டது. படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிச் சில பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள், சிலருக்குக் கைவிரித்தார்கள். அதன்பின் ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொன்னார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். பிள்ளையின் பொறுமை பெரியவரின் நாணயத்தைப் பார்த்தே வளர்கிறது.

ஆகவே அந்தப் பாட்டிலில் சேர்வது பிள்ளையின் புண்ணியம் மட்டுமல்ல. நம் வாக்கும் அதில்தான் சேர்கிறது. மருமகளிடம் மூன்று சொன்னேன். போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்காதே. சம்பாதித்தது பறிபோகும் என்று கண்ட பிள்ளை எந்த வாக்கையும் நம்பாது. சலிப்பூட்டும் பழக்கங்களுக்கு மட்டும் கொட்டை போடு; தங்கைக்குத் தன் பங்கைக் கொடுத்தாலும் தெருநாய்க்குத் தண்ணீர் வைத்தாலும் அவற்றுக்கு விலை வைக்காதே. பழக்கம் படிந்ததும் பாட்டிலை நிறுத்திவிடு.

கூலிக்குச் செய்வது அறமாகாது. அதில் முடமோசியாரே சரி. ஆனால் சொன்ன சொல் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டில் அறம் வேர்பிடிக்காது. பிள்ளைகளுக்குப் பரிசு சொல்லும் பெற்றோரே, கொடுக்க முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். சொன்னதை, சொன்ன நாளில் கொடுங்கள்.